நாற்காலிப் பந்தயம்

ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைக்காரர் துரைக்கண்ணு, கலர் விளக்கு மின்னும் விலையுயர்ந்த கேமிங் மெஷினைத் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பொருத்தி முடித்தார். அங்கே நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கும் மெர்லின், விளக்கெல்லாம் வேண்டாமென்று, வாடிக்கையாளர் தந்த கொஞ்சக் காசில் பெரும்பகுதியை விளையாட்டுப் படத்தை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டில் போட்டு மலிவாக ஒன்று சேர்த்திருந்தாள்.

துரைக்கண்ணு சிரித்தார். "இந்தத் தகர டப்பா என்னுதை முந்துமா? தோத்தா வேலையை விட்டு நின்னுக்கோ!"

மெர்லின் அவர் மெஷினின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "முந்திட்டா உங்க நாற்காலி எனக்கு."

"சரி. ஆனா என் மெஷின்ல உன் விரல் படக் கூடாது!"

"படாது முதலாளி."

இரண்டு மெஷினிலும் ஒரே கார் பந்தய விளையாட்டு ஓடியது. அவளுடைய கார் பறந்தது. அவருடையது சேற்றில் சிக்கியதுபோல் திணறியது.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

மெர்லின் அவருடைய நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "மானிட்டர் ஒயரைக் கிராபிக்ஸ் கார்டுல சொருகாம மதர்போர்டுல சொருகிட்டீங்க. கார்டு சும்மா தூங்குது."

"அப்ப மாத்து!"

"விரல் படக் கூடாதே! குனிங்க முதலாளி, எங்கேன்னு சொல்றேன்."