நரி மாமா சொன்ன கடைசிக் கதை

இலுப்பைக் காட்டில், அல்லிக்குளத்துக்குப் பக்கத்தில், வெள்ளச்சி என்ற முயல் தன் குட்டி துள்ளியோடு வாழ்ந்துவந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு அந்தக் காட்டுக்கு மாயாண்டி என்ற நரி வந்து சேர்ந்தது.

வந்த நரி யாரையும் துரத்தவில்லை. குளத்தங்கரைப் பாறையில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தது. முட்டை திருடிய நரியின் கதை, சேற்றில் சிக்கிய நரியின் கதை என்று எல்லாம் காட்டுக்கே தெரிந்த பழைய கதைகள்தான். ஆனால் மாயாண்டி சொன்னபோது அவை புத்தம் புதிதாக மாறின. மான்களுக்கு இறக்கை முளைத்தது. குளத்துக்கு அடியில் வெள்ளி நகரம் ஒன்று மின்னியது. முட்டை திருடிய நரி, உண்மையில் பாம்பின் வாயிலிருந்து முட்டையைக் காப்பாற்றிய வீரனாம். காட்டில் இருந்தவர்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்களாம்.

கதை சூடுபிடிக்கும் இடம் வந்ததும், மிச்சம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு நரி எழுந்து போய்விடும். குட்டிகளுக்கு அன்று தூக்கமே வராது. மறுநாள் வெயில் தாழ்வதற்கு முன்பே முயல், அணில், முள்ளம்பன்றி, காடை என்று எல்லாக் குட்டிகளும் பாறையடியில் கூடிவிடும்.

வெள்ளச்சிக்கும் முதலில் அந்தக் கதைகள் பிடித்திருந்தன. வாயில் கவ்விய புல்லை மெல்ல மறந்து அதுவும் நின்று கேட்டிருக்கிறது. போகப் போகத்தான் ஏதோ உறுத்தியது. எந்தக் கதையை எடுத்தாலும் அதில் எச்சரிக்கையாக இருந்த அம்மாதான் முட்டாளாக இருந்தாள். குட்டியை வளைக்குள் இருக்கச் சொன்னவள்தான் கொடுமைக்காரியாக இருந்தாள்.

ஒருநாள் துள்ளி கேட்டது: "நரி மாமா எவ்வளவு நல்லவர்! நீதான் சும்மா சும்மா பயப்படுகிறாய், இல்லையா அம்மா?"

வெள்ளச்சிக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் குடியிருந்த முள்ளம்பன்றி காத்தாயியிடம் போய்ச் சொன்னது. காத்தாயி சிரித்தது. கதைதானே, குட்டிகள் சிரிப்பதைக் கெடுப்பானேன் என்றது. வெள்ளச்சியும் தன் மனத்தைத் தேற்றிக்கொண்டது.

அந்த வாரம் நரி, சந்திரராஜாவின் விளக்கைத் தேடிப் போன குட்டிகளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. குட்டிகள் மாயக் குகையின் வாசலுக்கு வந்த இடத்தில் கதையை நிறுத்தியது. முடிவைத் தன் குகைக்குள் வைத்துத்தான் சொல்ல முடியும் என்றது. அங்கேதான் சந்திரராஜாவின் குரல் எதிரொலிக்குமாம். பெரியவர்களின் காலடி பட்டால் மாயம் கலைந்துவிடுமாம்.

மறுநாள் மாலை கிழங்கு தோண்டப் போன வெள்ளச்சி திரும்பி வந்தபோது வளை காலியாக இருந்தது. எல்லாக் குட்டிகளும் நரியின் பின்னால் வரிசையாகப் போனதைப் பார்த்ததாகக் காடை ஒன்று அழுதுகொண்டே சொன்னது. அதன் குஞ்சும் அந்த வரிசையில் இருந்தது.

வெள்ளச்சியும் காத்தாயியும் ஓட்டமாய் ஓடின. நரியின் குகைக்கு ஒரே வாசல். அந்த வாசலை அடைத்தாற்போல் மாயாண்டி படுத்திருந்தது. குட்டிகள் உள்ளே வாயைப் பிளந்து கதை கேட்டுக்கொண்டிருந்தன. நரிக்கு நல்ல பசி. ஆனாலும் தன் கதையின் முடிவைக் கேட்டுக் குட்டிகள் ஆஹா என்று சொல்வதைக் கேட்காமல் சாப்பிட அதற்கு மனம் வரவில்லை.

காத்தாயி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாயப் போனது. வெள்ளச்சி அதைத் தடுத்தது.

"வேண்டாம் அக்கா. மிரண்டால் அது குட்டிகள்மேல்தான் பாயும். முதலில் அதை வெளியே வரவைக்க வேண்டும்."

 வெள்ளச்சி புதருக்குப் பின்னால் நின்றுகொண்டு, உரத்த குரலில் அதே கதையைச் சொல்லத் தொடங்கியது. சந்திரராஜா அந்த விளக்கை ஒரு கழுதையிடம் கொடுத்துவிட்டாராம் என்றது.

குகை வாசலில் நரியின் காது நிமிர்ந்தது. "கழுதையா? என் கதையில் கழுதையே கிடையாது!"

வெள்ளச்சி நிறுத்தவில்லை. அந்த நரி வீரன் இடிச் சத்தம் கேட்டு மூங்கில் புதரில் ஒளிந்துகொண்டான் என்றது. மாயாண்டி எழுந்து நின்றது. இறக்கை மான் கால் தடுக்கிச் சாணியில் விழுந்தது என்றது வெள்ளச்சி. மாயாண்டி வாசலைத் தாண்டி வந்துவிட்டது.

"யார் அங்கே? அழகான கதையை இப்படியா பாழாக்குவது? ஒழுங்காகக் கேள், நான் சொல்கிறேன்."

அது கோபத்தோடு புதரை நோக்கி நடந்தது. அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி தன் பின்னங்காலால் தரையை ஓங்கி அறைந்தது. தொம், தொம். ஆபத்து என்பதற்கு முயல்களின் அடையாளம் அது. கண் திறக்காத நாளிலிருந்தே துள்ளி அறிந்த ஓசை. மாயக் குகையும் சந்திரராஜாவும் அதற்குச் சட்டென்று மறந்துபோயின. "ஓடுங்கள்!" என்று கத்திக்கொண்டு அது வெளியே பாய்ந்தது. மற்ற குட்டிகளும் அதன் பின்னாலேயே சிதறி ஓடின.

நரி திரும்பிப் பாய்ந்தது. ஆனால் நடுவில் காத்தாயி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. வந்த வேகத்தில் மாயாண்டியின் மூக்கு நிறைய முள் ஏறியது. ஊளையிட்டபடி மலையடிவாரத்தை நோக்கி ஓடிய அந்த நரியை, அதன் பிறகு அல்லிக்குளத்தின் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

வெள்ளச்சி ஒவ்வொரு குட்டியையும் முகர்ந்து பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. காடை தன் குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. காத்தாயி, "நீ சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும்" என்று முணுமுணுத்தது. அதற்கென்ன அக்கா, எல்லோரும் பத்திரமாக வந்துவிட்டார்களே என்றது வெள்ளச்சி. அப்போதுதான் அதற்கு மூச்சு சீராக வந்தது.

வளைக்குள் வந்ததும் துள்ளி அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.  பிறகு மெதுவாக, அந்த விளக்கு கடைசியில் கிடைத்ததா என்று கேட்டது.

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்ட நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, குட்டியின் காதை நக்கிக்கொண்டே கதையின் முடிவைத் தானே சொன்னது. விளக்கு கிடைக்கும் முன்பே துள்ளி தூங்கிப்போனது.

எவ்வளவு இனிமையான கதையாக இருந்தாலும், அதைச் சொல்பவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்று கவனித்துக்கொண்டே கேட்க வேண்டும்.