இலுப்பைப் பூக் குழி

வாகை என்ற இளம் புள்ளிமானுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் பாறைப்பிளவின் அடி தெரிந்தது.

அவன் வாழ்ந்த காட்டை அந்தப் பிளவு இரண்டாகப் பிரித்திருந்தது. கோடையில் இந்தப் பக்கம் புல் கருகிவிடும். அந்தப் பக்கம் பசுமையாக இருக்கும். முதல் முறையாகப் பிளவைத் தாவும் இளம் மான்களை மந்தையே கூடி நின்று வேடிக்கை பார்க்கும். தயங்கியவர்களின் பெயர் மழைக்காலம் வரை எல்லார் வாயிலும் அரைபடும்.

"கோங்கன் போன கோடையில் எப்படித் தாவினான் தெரியுமா?" என்று வாகையின் தாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "பயம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை! நீயும் என் மானத்தைக் காப்பாற்றிவிடு!"

வலக் கொம்பு முறுக்கிய அந்தக் கோங்கன் இப்போது மந்தையில் இல்லை. பிளவுக்கு அந்தப் பக்கத்து மந்தையோடு சேர்ந்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

'பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்களே!' என்று எண்ணி, வாகை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு வால்காக்கை மட்டும் அவனைக் கிளையிலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தது.

"என்ன தம்பி, நெஞ்சு படபடக்கிறதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் காதுகள்தான் ஓயாமல் துடிக்கின்றனவே! என்னோடு வா, மருந்து தருகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்!"

அது அவனை ஓர் இலுப்பை மரத்தடிக்கு அழைத்துப் போனது. அங்கே ஒரு பாறைக்குழி. உதிர்ந்த பூக்கள் தேங்கிய நீரில் ஊறி, புளித்து, நுரைத்துக் கிடந்தன.

"ஒரு வாய் தின்று பார்! உன் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் தின்கிறார்கள்!"

வாகை தின்றான். வயிற்றில் சூடு பரவியது. நெஞ்சின் படபடப்பு அடங்கியது. அன்று மயங்கித் தூங்கினான். 'பிளவாவது, கிளவாவது!' என்று தோன்றியது.

மறுநாள் ஒரு வாய் போதவில்லை. பிறகு தின்னாத நாளில் கால்கள் நடுங்கின. தின்ற நாளில் தாயின் குரலே எரிச்சலாக இருந்தது.

பிறந்ததிலிருந்து அவனோடு திரிந்த தோழி நொச்சி இதைக் கண்டு கலங்கினாள்.

"வாகை! மரத்தில் மந்தி கத்தியதே, சிறுத்தை வருகிறது என்று! எல்லாரும் ஓடினோம். நீ ஏன் அசையவே இல்லை?"

"கத்தினால் கத்தட்டும்! எனக்கு இப்போது எதற்கும் பயமில்லை!"

நொச்சி அவனை உற்றுப் பார்த்தாள். அவன் காதுகள் காய்ந்த சருகுபோல் அசையாமல் தொங்கின.

ஒரு நாள் நண்பகலில் குழி வறண்டு கிடந்தது. வாகைக்கு உடல் உதறியது. "பூ எங்கே? எங்கே?" என்று கதறினான்.

"பதறாதே! உள்ளே இன்னொரு குழி இருக்கிறது. இதைவிடக் காரமானது!" என்று வால்காக்கை முட்புதர்களுக்குள் பறந்தது.

வாகை பின்னாலேயே போனான். அங்கே இருந்த குழியில் முகத்தைப் புதைத்துத் தின்றான். தலை நிமிர்ந்தபோது புதரடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எலும்புகள்! அவற்றின் நடுவே ஒரு கொம்பு. முறுக்கிய வலக் கொம்பு!

"கோங்கா!" என்று கத்த நினைத்தான். நாக்கு எழவில்லை. எதிரே இரண்டு மஞ்சள் கண்கள் தரையோடு தரையாக நகர்ந்து வந்தன. ஓடச் சொன்னது மனம். கால்கள் கேட்கவில்லை.

மேலே வால்காக்கை அலகைத் தீட்டிக்கொண்டது. சிறுத்தை தின்ற மிச்சம் அதற்குத்தானே!

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஓர் அலறல் எழுந்தது. அவனைத் தொடர்ந்து வந்த நொச்சி! அவளுக்கு உடலெல்லாம் நடுங்கியது. ஆனாலும் ஓடவில்லை. குளம்பால் தரையை அறைந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"சிறுத்தை! இதோ சிறுத்தை! பயமாக இருக்கிறது, எல்லாரும் வாருங்கள்!"

மரமெங்கும் மந்திகள் கத்தின. தொலைவில் மந்தை முழுவதும் குரல் கொடுத்தது. சிறுத்தை பாய்ந்தது. அதன் நகம் வாகையின் பின்தொடையைக் கிழித்தது. ஆனால் காடே தன்னைக் கண்டுகொண்டுவிட்டது என்று அறிந்ததும் அது உறுமிக்கொண்டு புதருக்குள் மறைந்தது. ஒளிந்து வருவதுதானே அதன் பலம்!

நொச்சி அவனை முட்டி முட்டி வெளியே கொண்டுவந்தாள்.

பல நாட்கள் வாகை காய்ச்சலில் நடுங்கினான். பூவைக் கேட்டு அழுதான். நொச்சி முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருந்தாள். கடைசியில் ஒரு காலை அவன் தாயிடம் சொன்னான்:

"அம்மா, எனக்கு அந்தப் பிளவைப் பார்த்தால் பயம். முதல் நாளிலிருந்தே பயம்!"

தாய் அவன் காயத்தை நக்கினாள். "என் வாயால்தான் உன் வாய் அடைத்துப் போனது, மகனே. தூரமானாலும் நாம் மலையடி வழியாகச் சுற்றிப் போவோம்!" என்றாள்.

பக்கத்தில் நின்ற ஒரு குட்டி, "எனக்கும் பயம்தான்!" என்றது. இன்னொன்றும், "எனக்கும்!" என்றது.

மேலே வால்காக்கை சிறகை விரித்து, ஆற்றுக்கு அப்பாலிருந்த வேறொரு மந்தையை நோக்கிப் பறந்தது.

பயத்தைப் போதையில் புதைத்தால் அது நம்மைக் காவு வாங்கும். வாய்விட்டுச் சொன்னால் துணையைக் கூட்டி வரும்.