விஷம் விடாத பாட்டில்

இருபத்து மூன்றாம் பாட்டிலில் விஷம் விடவில்லை என்று எட்வின் மச்சாடோ தானாகவே வந்து சொன்னபோது, கருவி அதன் எண்ணை ஏற்கெனவே காட்டிவிட்டிருந்தது: 2204. ஆய்வுக்கப்பலின் தலைமை விஞ்ஞானி சத்தியசீலனுக்கு அந்த எண் பிடிக்கவில்லை. அவர் 2210 வரும் என்று இருந்தார்.

எண்ணைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். விஷயம் இவ்வளவுதான். நாம் எரிக்கிற பெட்ரோல், நிலக்கரிப் புகையில் உள்ள கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் வாங்கி வைத்துக்கொள்கிறது. எவ்வளவு என்று கடலைப் பார்த்தால் தெரியாது. பத்து வருஷம் கழித்து அதே இடத்துக்குப் போய், அதே ஆழத்தில் தண்ணீர் எடுத்து, அதிலுள்ள கார்பனை அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டும். இந்த இடத்தில், அறுநூறு மீட்டர் ஆழத்தில், போன தடவை 2200. தண்ணீர் மேலே வந்த கையோடு அளந்த உப்பும் ஆக்சிஜனும் போன தடவை போலவே இருந்தன; அதாவது அதே வகைத் தண்ணீர்தான். ஆகவே கார்பன் கூடியிருந்தால் அது கடல் தானாகச் செய்தது இல்லை, நம் புகை. பத்து கூடியிருக்கும் என்று சத்தியசீலன் கிளம்பும் முன்பே ஊரெல்லாம் பேசிவிட்டு வந்திருந்தார்.

விஷம் எதற்கு? கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும். பாட்டிலுக்குள்ளும் அவை மூச்சுவிடும், கார்பன் கூடும். அதனால் பிடித்தவுடன் பாதரச உப்புக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுக் கொன்றுவிடுவார்கள். சொட்டு விடுவது எட்வின் வேலை. அன்று அலையில் கப்பல் சாய்ந்தது. சரிந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தான். திரும்பச் சொட்டுக்குழாயை எடுத்தபோது இருபத்து நான்கிலிருந்து தொடர்ந்துவிட்டான். மற்றபடி அந்தப் பாட்டிலில் குறை இல்லை. கண்ணாடி மூடிக்குக் கிரீஸ், மேலே கிளிப், அளக்கும்வரை கிடந்த ஐந்து நாளும் வெளிச்சம் படாத பெட்டி. அந்த ஆழத்துக்கு அந்த ஒரு பாட்டில்தான். கப்பல் திரும்பிப் போகாது.

எட்வின் பயணத்துக்குப் பயணம் ஒப்பந்தத்தில் வருகிறவன். இப்படி ஒரு தப்பு ஏட்டில் ஏறினால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள். தெரிந்துதான் சொன்னான்.

"அஞ்சு நாள் உசுரோட கிடந்த தண்ணி," என்றார் சத்தியசீலன். "அது சொல்ற எண்ணுக்கு என்ன மரியாதை? தள்ளு. மேல கீழ ஆழத்துல வந்த எண்ண வச்சு நான் நிரப்பிக்கிறேன்."

"நீங்க நிரப்பினா பத்துதான சார் வரும்?" என்றான் எட்வின்.

ஆராய்ச்சி மாணவி நிலோஃபர் குறுக்கே வந்தாள். "தள்ள வேண்டாம் சார். உயிருங்க மூச்சு விட்டதுல ரெண்டு கூடியிருக்கும்னு வைங்க. அதக் கழிச்சா 2202. பத்து வருஷத்துல கூடினது ரெண்டுன்னு எழுதிடலாம்."

"ரெண்டுன்னு யாரு எண்ணினது? பாட்டிலுக்குள்ள போய்ப் பாத்தியாம்மா?" என்றான் எட்வின்.

"நீங்க சொட்டு விட்டிருந்தா நான் ஏண்ணே உள்ள போகப் போறேன்?"

எட்வினுக்கே சிரிப்பு வந்தது. "அது சரி. ஆனா எண்ணை அப்படியே வைங்க. பக்கத்துல விஷம் விடலன்னு எழுதுங்க. கெட்ட பாட்டில்தான், ஆனா பிரயோஜனம் இருக்கு."

"என்ன பிரயோஜனம்? நீ பண்ணின தப்புக்கு நீயே வக்கீலா?" என்றார் சத்தியசீலன்.

சரி, உங்கள் முறை. தள்ளு என்கிறார் ஒருவர். கழித்துத் திருத்து என்கிறாள் ஒருத்தி. அப்படியே வை என்கிறான் தப்புப் பண்ணினவன். இதில் யார் சொன்னது சரி? கீழே எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: எட்வின் சொன்னதுதான். மூடி இறுக்கம், எதுவும் உள்ளே வரவும் வெளியே போகவும் வழியில்லை. கார்பனை உறிஞ்ச வெளிச்சம் வேண்டும். இருட்டில் அந்த உயிர்களால் கார்பனைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. அவை கூட்டியும் 2204-தான் வந்திருக்கிறது என்றால், உண்மை அதற்கு மேல் போகவே முடியாது. எவ்வளவு கூடியது என்று அந்தப் பாட்டில் சொல்லாது. நாலுக்கு மேல் இல்லை என்று அடித்துச் சொல்லும். நிலோஃபர் கழித்த இரண்டு வெறும் ஊகம். சத்தியசீலனின் பத்து பொய்யாகிவிட்டது. கடல் வாங்கிக்கொண்டது என்று அவர் சொல்லி வந்த புகையில் பாதிக்கு மேல் அங்கே இல்லவே இல்லை. இது அவருக்கும் புரிந்துவிட்டது. அதனால்தான் சாயங்காலம் ஏட்டையும் பேனாவையும் தானே எடுத்துக்கொண்டு எட்வினிடம் வந்தார். "பாட்டில் உடைஞ்சு போச்சுன்னு எழுதிரு. உன் தப்பு வெளிய வராது. அடுத்த பயணத்துக்கு உன் பேரை நானே போடறேன்." எட்வின் பேனாவை வாங்கி, 2204, விஷம் விடவில்லை, விட மறந்தது நான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். உடைந்தது என்ற சொல் அந்த ஏட்டில் எங்கேயும் இல்லை.