பேர் கூப்பிடும் நேரம்

மாரிக்கனி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பெரிய அடுப்பு ஒன்றுதான். முதலில் முட்டை வேகும். அப்புறம் சோறு. அப்புறம் குழம்பு. அதனால் காலை மணி அடிக்கும் முன்னாலேயே முட்டையெல்லாம் வெந்து, பச்சைத் தண்ணீருக்குள் கிடக்கும்.

ஜெபமலர் டீச்சர் கையில் ஒரு சொம்போடு வந்து நின்றார். மூன்றாம் வகுப்பு டீச்சர். இந்தப் பருவம்தான் வேலைக்கு வந்தவர். மாரிக்கனியைவிட வயதில் சின்னவர்.

"கொஞ்சம் வெந்நீர் தாங்கக்கா. ஆண்டு விழாவுக்குக் காகிதப் பூ ஒட்டணும். பசை காய்ச்சப் போறேன்."

மாரிக்கனி மோந்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, ரொம்ப நாளாக விழுங்கிக்கொண்டிருந்த கேள்வி.

"டீச்சர், எம்மவ எப்ப வாய் திறப்பா?"

மகள் பேர் சிவதாரணி. டீச்சர் வகுப்புதான். வீட்டில் அவளுக்கு வாய் ஓயாது. கோழியோடு பேசுவாள், குடத்தோடு பேசுவாள், தூக்கத்தில் யாரோடோ சண்டை போடுவாள். பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. ஒன்றாம் வகுப்பில் இருந்தே அப்படித்தான்.

"அவங்கப்பா சொல்லிட்டாங்க டீச்சர். அரைப்பரீட்சைக்குள்ள பேசலன்னா தூத்துக்குடிக்கு, அவ அத்தை வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். அங்க பெரிய பள்ளிக்கூடமாம். நாலு பேரோட பழகினா சரியாயிருமாம். எனக்கு இருக்கது அவ ஒருத்திதான்."

டீச்சர் சொம்பைக் கீழே வைத்தார்.

"அக்கா, உங்க பேரு என்ன?"

மாரிக்கனிக்குத் தலை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த பேச்சியக்கா, அவள்தான் அங்கே சமையல், மாரிக்கனி அவளுக்கு உதவி, முந்திக்கொண்டாள். "மாரிக்கனி, டீச்சர். இவ பேரு மாரிக்கனி. எங்க தெருதான்."

"நான் உங்கள்ட்ட கேக்கல பேச்சியக்கா."

டீச்சர் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேச்சியக்கா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தாள்.

"என்னட்டி இது. நீ ஒண்ணு கேட்டா அவுக ஒண்ணு கேட்டுட்டுப் போறாக. பதில் எங்க?"

மாரிக்கனிக்கும் தெரியவில்லை. அவள் அடுத்த முட்டையை எடுத்தாள்.

"அத இன்னும் ஆற விடு. சுடச்சுட உரிச்சா வெள்ளை பிஞ்சு போவும்லா."

⁂

அது பள்ளிக்கூடம் ஒரு நிலையில் நிற்காத பருவம்.

ஒரு பக்கம் கோலாட்டக் குச்சிச் சத்தம். ஒரு பக்கம் வாய்ப்பாடு. நாடகத்தில் ராஜாவாக வருகிற பையன் அட்டைக் கிரீடத்தோடேயே ஒன்றுக்குப் போய்விட்டு வருவான். பெரிய சார் பரீட்சைத் தாளைத் தேடுவார். அதன் பின்பக்கத்தில் யாராவது மயில் வரைந்திருப்பார்கள்.

அத்தனைக்கும் நடுவில், மூன்றாம் வகுப்பில் பேர் கூப்பிடுகிற நேரம் மட்டும் மாரிக்கனிக்குத் தெரியும். வகுப்புக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல்தான்.

"அபிநயா."

"உள்ளேன் டீச்சர்."

"கிஷோர்."

"உள்ளேன் டீச்சர்."

"சிவதாரணி."

"உள்ளேன் டீச்சர்," என்று மொத்த வகுப்பும் சொல்லும்.

யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நல்ல பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் இருந்தே தாரணிக்கு வேண்டியதை அவர்கள்தான் சொல்வார்கள். தாரணிக்குத் தண்ணி வேணுமாம். தாரணிக்குப் பென்சில் ஒடஞ்சிட்டாம். சாப்பாட்டு வரிசையில் அபிநயா, "தாரணிக்குக் கத்திரிக்காய் வேண்டாமாம், எனக்கும் வேண்டாமாம்," என்பாள். தாரணிக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர். அதையும் அவள் சொன்னதில்லை.

வகுப்பு சொல்லும்போது, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மாரிக்கனியின் உதடும் அசையும். உள்ளேன் டீச்சர்.

ஒரு நாள் டீச்சர் வகுப்பில் சொன்னார். "இனிமே அவங்கவங்க பேருக்கு அவங்கவங்க."

"தாரணி பேசமாட்டா டீச்சர்," என்றாள் அபிநயா.

"உன்னைக் கேட்டேனா?"

"இல்ல டீச்சர். நானாத்தான் சொன்னேன்."

"சிவதாரணி."

சத்தம் இல்லை.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒருத்தன் இருமினான். ஒரு காக்கா வந்து, பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் டீச்சர் பேனாவை எடுத்து, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும்.

அந்தச் சும்மா இருக்கிற நேரம் மாரிக்கனிக்கு அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை.

"சிவதாரணி."

"உள்ளேன் டீச்சர்."

ஜன்னல் வழியாக வந்த பதிலைக் கேட்டு வகுப்பு ஒரு கணம் திகைத்தது. அப்புறம் கொல்லென்று சிரித்தது.

"ஏ, முட்டை ஆயா ஆஜரு."

மாரிக்கனி அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. தாரணி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

⁂

சாயங்காலம் தாரணி கோழிக்குக் குருணை போட்டாள். கோழியோடு பேசவில்லை.

மாரிக்கனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன தாயி."

"எம்மா, நீ ஏன் சொன்ன?"

"நீ சொல்லலல்லா."

"சொல்லப் போனேன்." தாரணி தொண்டைக் குழியில் விரலை வைத்துக் காட்டினாள். "இங்கன வரைக்கும் வந்துட்டு. நீ சொன்ன ஒடனே திரும்ப உள்ள போயிட்டு."

 கோழி மாரிக்கனியின் காலடியில் இருந்த குருணையைக் கொத்தித் தின்றது.

⁂

மறுநாள் மாரிக்கனி அதை டீச்சரிடம் அப்படியே சொன்னாள்.

டீச்சர் காகிதப் பூவை நூலில் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பூவைக் கோத்து முடிச்சுப் போட்டார்.

"நாளைக்கு வேலைக்கு வருவீங்கல்லா அக்கா?"

"வருவேன் டீச்சர்."

அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலையில் எல்லாப் பேரும் கூப்பிட்டு முடிந்தது. யாசினிதான் எப்போதும் கடைசி. யாசினியும் உள்ளேன் டீச்சர் என்றாகிவிட்டது. பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கக் குனிந்தார்கள்.

"மாரிக்கனி."

குனிந்த தலையெல்லாம் நிமிர்ந்தது.

மாரிக்கனியின் கையில் இருந்த முட்டை தண்ணீருக்குள் விழுந்தது.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். வேப்பமரத்தைப் பார்த்தார்.

"உள்ளா..." என்று பேச்சியக்கா ஆரம்பித்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் விரல் உயர்ந்தது. பேச்சியக்கா மீதியை விழுங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் பேனாவை எடுத்தார். "கணக்குப் புத்தகத்தை எடுங்க."

"ஒனக்கும் அரைப்பரீட்சையாட்டி?" என்று பேச்சியக்கா கிசுகிசுத்தாள். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லதுக்கு என்ன கேடு?"

"நீங்க சொல்லுவீங்கக்கா. ஒங்களுக்கென்ன."

தினமும் கூப்பிட்டார். தினமும் மாரிக்கனி அண்டாவுக்குப் பின்னால் சின்னதாகிப் போனாள். பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. இரண்டு பேருக்குக் காத்திருப்பது அந்த வகுப்பில் பிரேயர் மாதிரி ஆயிற்று. தாரணிக்குக் கொஞ்ச நேரம். அவள் அம்மாவுக்குக் கொஞ்ச நேரம். அபிநயாகூட வாயைப் பொத்திக்கொள்ளப் பழகினாள், இரண்டு கையாலும்.

தாரணி மட்டும் இரண்டாவது காத்திருப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பரீட்சை நெருங்கிவிட்டது. மாரிக்கனி ஒரு நாள் துணிந்து கேட்டாள்.

"என்னைய ஏன் டீச்சர் கூப்பிடுதீங்க? நானா படிக்கேன்? நீங்க கூப்பிடும்போது எனக்கு ஒரு மாதிரி ஆயிருது."

"என்ன ஆகுது?"

"இங்கன வந்து அடைச்சுக்கிடுது டீச்சர்."

சொல்லிவிட்டுத்தான், தன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். தொண்டைக் குழியில் இருந்தது.

எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"சரிக்கா," என்றார் டீச்சர். "வெந்நீர் இருக்கா? இன்னும் நாலு மாலை ஒட்ட வேண்டியிருக்கு."

⁂

பரீட்சைக்கு முந்தின நாள் சுடலைமுத்து பள்ளிக்கூடத்துக்கு வந்தான். மாரிக்கனியின் புருஷன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வாழைத்தார் ஏற்றிய சட்டையோடேயே வந்திருந்தான்.

"பெரிய சாரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். டி.சி. எப்பத் தருவாங்கன்னு கேக்கணும். எங்கக்கா அங்க சீட்டு சொல்லி வச்சிட்டா."

மாரிக்கனி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

பக்கத்து வகுப்பில் பேர் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அபிநயா. கிஷோர்.

"கேக்க வேண்டாம்," என்றாள்.

"என்னது?"

"டி.சி. கேக்க வேண்டாம்."

சுடலைமுத்து பேச்சியக்காவைப் பார்த்தான். "என்ன மதினி, இவ என்ன சொல்லுதா?"

பேச்சியக்காவுக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. அவள் அகப்பையை எடுத்து அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"என்ன கேக்கீங்க அவங்கள்ட்ட? நாந்தான சொல்லுதேன்."

"சரி, நீயே சொல்லு. எனக்கு மட்டும் பிள்ளையை அனுப்ப ஆசையா? வண்டி ஓட்டிட்டு வந்தா அவ சத்தம் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆனா மூணு வருசமா பள்ளிக்கூடத்துல ஊமை மாதிரி இருந்தா நாளைக்கு அவ என்ன ஆவா?"

"அவ ஊமை இல்ல."

"பின்ன ஏன் பேச மாட்டேங்கா?"

"நாம பேசிருதோம்லா. நானும் அவ வயசுல இப்படித்தான் இருந்தேன். எங்கம்மா சொன்னா, அப்புறம் நீங்க சொன்னீங்க, இங்க வந்தா பேச்சியக்கா சொல்லுதாங்க. எனக்கு வேலையே இல்லாமப் போச்சு. இந்த டீச்சர் ஒருத்தங்கதான் கேட்டுட்டுச் சும்மா இருக்காங்க. சும்மா இருக்கது எம்புட்டுக் கஷ்டம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

தன் சத்தம் கூடிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. வகுப்பில் சிவதாரணி என்று கூப்பிட்டதும், காத்திருந்ததும், யாசினி வரைக்கும் வந்து முடிந்ததும் அவள் காதில் விழவில்லை. அதற்கடுத்து ஒரு பேர் வந்ததும் விழவில்லை.

"அவ அங்க போனா அங்கயும் நாலு பேரு அவளுக்காகச் சொல்லுவாங்க. இங்கனயே இருக்கட்டும். அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துட்டுங்க. நாமதான் இன்னும் கொஞ்சம்..."

"எம்மா."

பேச்சியக்காவின் அகப்பை நின்றது.

சுடலைமுத்துவுக்கு அது யார் சத்தம் என்று தெரியும். தினமும் சோற்றுக்கு முன்னால் கேட்கிற சத்தம். ஆனால் அது வந்த திசைதான் அவனுக்குப் புரியவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

வகுப்பு முழுக்கத் தாரணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அபிநயாவின் இரண்டு கையும் வாய் மேல் இருந்தன. டீச்சர் இன்னும் வேப்பமரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்மா, ஒன்னையத்தான் கூப்பிடுதாங்க. நீதான் சொல்லணும். நான் சொல்லக்கூடாதுல்லா."

மாரிக்கனி எழுந்தாள். மடியில் இருந்த ஓடெல்லாம் கீழே கொட்டியது. பாதி உரித்த முட்டையைப் புருஷன் கையில் கொடுத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வாயைத் திறந்தாள்.