புடலைப் பந்தலின் உயரம்

"நான் கிளம்பறேன் அம்மா," என்றார் திருவேங்கடம். துணிப்பை தோளில் தயாராக இருந்தது.

குரு செண்பகத்தம்மாள் அண்ணாந்து பார்த்தார். வேறு வழியில்லை, அந்த மடத்துக்கு அவ்வளவு உயரமான சீடர் அதுவரை வந்ததில்லை.

"என்ன குறை?"

"ஆடியில வந்தேன். ஐப்பசி ஆயிடுச்சு. ஒரு உபதேசம் உண்டா? தோட்ட வேலைதான். அதுவும் நான் ஒருத்தனே செய்யறேன். மழை இறங்கறதுக்குள்ள புடலங்காய் அத்தனையும் அறுக்கணும். கைகொடுக்க ஆள் இல்ல."

"பேச்சிமுத்து?"

"அவனுக்குத் தின்னத்தான் தெரியும்."

"சமைக்கவும் தெரியும், காய் வந்தா," என்று அடுக்களைக்குள்ளிருந்து குரல் வந்தது. பேச்சிமுத்து மடத்தின் சமையற்காரர்.

"போன வாரம் காயோட வாலைப் பிடிச்சு இழுத்தான் அம்மா. கொடியே அறுந்துபோச்சு. காம்பைக் கத்தியால அறுக்கணும்னு தெரியாதா? இனிமே பந்தலுக்குள்ள வராதேன்னுட்டேன்."

"காம்பு எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்?" என்றபடி பேச்சிமுத்து வெளியே வந்தார்.

"ஏணி செஞ்சு குடுத்தேனே!"

"அதுல முதல் படி ஏறவே இன்னொரு ஏணி வேணும்."

குரு எழுந்தார். "வாங்க, பாக்கலாம்."

மனையடி நூல்கள் வாசலுக்கு அளவு சொல்கின்றன, கிணற்றுக்குத் திசை சொல்கின்றன. புடலைப் பந்தலைப் பற்றி, நான் தேடியவரை, ஒன்றும் சொல்லக் காணோம். திருவேங்கடம் தன் கையை உயர்த்தி அளந்து மூங்கில் நட்டிருந்தார்.

குறை சொல்ல முடியாத பந்தல். காய் கோணாமல் வளர ஒவ்வொரு நுனியிலும் ஒரு சிறு கல் கட்டியிருந்தது. எல்லாம் நேராகத் தொங்கின.

குரு கத்தியை வாங்கிக்கொண்டு, நுனிக்காலில் நின்று கையை நீட்டினார். காம்பு ஒரு சாண் மேலே இருந்தது.

"குடுங்க அம்மா, நான் அறுக்கறேன்."

"வேண்டாம்."

பந்தலின் ஓரத்தில் திருவேங்கடம் செய்து போட்டிருந்த பெஞ்சு. குரு ஒரு துள்ளு துள்ளி அதில் ஏறி உட்கார்ந்தார். கால்கள் தரையைத் தொடவில்லை. அவற்றை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்.

திருவேங்கடம் அந்தக் கால்களைப் பார்த்தார்.

பிறகு ஏணியைப் பார்த்தார்.

பையை இறக்கி வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். ஒரு மூங்கிலின் அடியில் மண்ணைப் பறித்தார். பந்தல் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஓடிப்போய்த் தாங்கினார். தாங்கினால் தோண்ட முடியவில்லை. தோண்டினால் தாங்க முடியவில்லை.

குரு காலாட்டிக்கொண்டிருந்தார்.

"பேச்சிமுத்து," என்றார் திருவேங்கடம். "கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

குருவும் இறங்கி வந்தார். மூவருமாக மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், மாற்றி மாற்றித் தோண்டினார்கள். பந்தல் ஒரு முழம் இறங்கியது. நிமிர்ந்த திருவேங்கடத்தின் நெற்றியில், பிஞ்சு ஒன்றில் கட்டியிருந்த கல் டொக்கென்று இடித்தது.

பேச்சிமுத்து சிரிக்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்.

கத்தி அவர் கைக்குப் போனது. முதல் காம்பு அறுந்தபோது தூறல் விழ ஆரம்பித்தது.

"பை ஏதாவது இருந்தாக் குடுங்க அண்ணே, சீக்கிரம்!"

திருவேங்கடம் தன் துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வேட்டியும் துண்டும் ஈர மண்ணில் விழுந்தன.

பை நிறைந்தது.

"ராத்திரிக்குக் கூட்டா, பொரியலா?" என்று குரு திருவேங்கடத்திடம் கேட்டார்.

"அவரைக் கேளுங்க அம்மா," என்றார் திருவேங்கடம்.