கொம்போடன் விடாத குழி

மனுஷக் காலடியே மண்ணில் படாத காலத்திலே, வெயில் கொளுத்தும் ஒரு சீமையிலே, கரை காணாத சதுப்பு ஒன்று இருந்ததாம். அதிலே கொம்போடன் என்ற ராட்சத ஆமை வாழ்ந்தது. ஓடு, கவிழ்த்துப்போட்ட படகு மாதிரி. கழுத்தின் இருபுறமும் ஓட்டிலிருந்தே நீண்ட இரண்டு கொம்புகள்.

அந்த இனத்து ஆண்களுக்கு ஒரு வழக்கம். கோடை வந்தால் ஆழமான குழிக்காக முட்டிக்கொள்ளும். ஜெயித்தது குழியில் படுக்கும். மழை வரும்வரை எழுந்திருக்காது. எழுந்தால் தோற்றதாக அர்த்தம்!

அந்த வருஷம் மழையே இல்லை. சதுப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறும் வராமல் நின்றுபோனது. சதுப்பு சேறானது. சேறும் வெடிக்கத் தொடங்கியது.

குறுணி என்ற சின்ன ஆமைக்கோ வயிறு நிறைய முட்டை. ஈர மணல் கிடைக்காவிட்டால் ஒரு குஞ்சும் பிழைக்காது.

"பெரியப்பா, எழுந்திருங்க! தண்ணி தேடிப் போவோம்!" என்று குழியில் படுத்திருந்த கொம்போடனைக் கூப்பிட்டது.

"நானா? இது நான் முட்டி ஜெயிச்ச குழி! ஆறுதான் என்னைத் தேடி வரணும்!"

அங்கே வந்த முதலை இளித்தது. "அப்படிச் சொல்லுங்க ராஜா! நாளைக்கே மழை வரும். ஏ குறுணி, முட்டையை இங்கேயே போடு. நான் காவல் இருக்கேன்."

"இருப்பீங்க, இருப்பீங்க! முட்டை உங்க வயித்துக்குள்ள போற வரைக்கும்!" என்ற குறுணி, முதலையின் வாலை உற்றுப் பார்த்தது. "ஆமா, இங்கே பாசியெல்லாம் கருகிப்போச்சு. உங்க வாலில் மட்டும் எப்படி அண்ணே பச்சையா ஒட்டியிருக்கு? தண்ணி வேற சொட்டுது!"

முதலை வாலைச் சட்டென்று மடக்கிக்கொண்டது. "அது... வேர்வை!"

"பச்சை வேர்வையா! பெரியப்பா, ஆறு சாகலை, திசை மாறியிருக்கு! இவர் வால் இழுபட்ட தடம் அங்கேதான் போகுது. உங்க ஓட்டை இவரால கடிக்க முடியாது. நீங்க சோர்ந்து கழுத்தைத் தொங்கப்போடத்தான் காத்திருக்கார்!"

கொம்போடனின் முன்கால் ஒன்று சேற்றிலிருந்து மேலே வந்தது.

அப்போது, முன்பு அதனிடம் தோற்ற ஆமை பக்கத்துக் குழியிலிருந்து தலையை நீட்டியது. "என்ன, எழுந்திருக்கிறீரா?"

அவ்வளவுதான். கால் மறுபடி உள்ளே போய்விட்டது.

"நீ போ, குறுணி."

குறுணி தடத்தில் காலை வைத்தது. முதலை வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. கொம்போடன் படுத்தபடியே கொம்பை வீசி அதைச் சேற்றில் அமுக்கியது. அவ்வளவு வலு அதன் உடம்பில் இன்னும் இருந்தது. எழ மனசுதான் இல்லை.

குறுணி நடந்தது. ஓடு கொதித்தது, நடந்தது. கால் வெடித்தது, நடந்தது. கடைசியில் காலடியில் மணல் ஜில்லென்றது. ஆற்றங்கரையில் முட்டையிட்டு மூடியது.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகு, குறுணி பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. குழி கல்லாய் இறுகிக் கிடந்தது. இரண்டு கொம்புகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"பெரியப்பா!"

கொம்போடன் செத்துப்போயிருந்தது. குறுணி அந்தக் கொம்புகளை மூக்கால் தொட்டது. பிறகு ஆற்றை நோக்கித் திரும்பி நடந்தது.

போராடிப் பிடித்த இடமே ஆனாலும், அங்கே பிழைக்க வழியில்லை என்று தெரிந்தால், அதை விட்டு எழுந்து நடப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.