நாச்சிமுத்து சாப்புட்டானா?

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. டாக்டர் மணிமொழி என்று பெயர். கோவையில் ஓர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் மூளை நரம்புப் பிரிவின் தலைவி. சீடர் ஜெபராஜ், குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சாப்ட்வேர் கம்பெனியில் பாதி ஆயுளைக் குப்பை கொட்டிவிட்டு, இனிமேலாவது உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்வோம் என்று இந்த அம்மாவிடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தவர். குரு சீடரை 'சார்' என்பார், சீடர் குருவை 'மேடம்' என்பார். வண்டி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை சீடர் குருவின் அறைக்குள் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மேடம், அவங்க மனசுல நினைச்சதைத்தானே மிஷின் சொல்லுச்சு? ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அப்புறம் நான் செஞ்சதுல என்ன தப்பு?"

நடந்தது இதுதான்.

அன்னூர்ப் பக்கம் மாவு மில் வைத்திருக்கும் நாச்சிமுத்துவின் மனைவி மயிலாத்தாள். பக்கவாதம் வந்து கை, கால், நாக்கு எல்லாம் மொத்தமாக முடங்கிவிட்டன. புத்தி மட்டும் பழையபடி தெளிவாக இருந்தது. கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், இறுக்கி மூடினால் இல்லை. அவருக்கு மிஞ்சிய பாஷை அவ்வளவுதான்.

மணிமொழியின் பிரிவில் அவருடைய மூளையின் மேல் நகத்தளவு தகடு ஒன்றைப் பதித்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி கம்ப்யூட்டருக்குப் போனது. மயிலாத்தாள் பேச முயன்றால் வாய் அசையாது. ஆனால் வாயை அசைக்கச் சொல்லி மூளை போடும் உத்தரவைக் கம்ப்யூட்டர் படித்து, ஸ்பீக்கரில் பேசிவிடும். குரல்கூட அவருடையதேதான். மகன் கல்யாண வீடியோவில் "வாங்க, வாங்க, இருந்து சாப்புட்டுத்தான் போகோணும்" என்று ஓடி ஓடி வரவேற்றாரே, அந்தக் குரலிலிருந்து எடுத்தது. முதல் தடவை அதைக் கேட்டபோது நாச்சிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார்.

ஆனால் நாலு வார்த்தை பேசுவதற்குள் மயிலாத்தாளின் நெற்றி வேர்த்துவிடும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஜெபராஜுக்கு மனசு கேட்கவில்லை. வாயை அசைக்க முயலவே வேண்டாம், மனதுக்குள் சொல்லிக்கொண்டாலே போதும் என்கிற மாதிரி மிஷினை மாற்றினார். ராத்தூக்கம் கெட்டு உழைத்தார் என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உண்மையான அக்கறையோடுதான் செய்தார். மயிலாத்தாளிடம் சம்மதமும் கேட்டார். கண் மேலே போனது.

மிஷின் பிரமாதமாக வேலை செய்தது. தண்ணி என்றது, தலகாணி என்றது, ஃபேனைக் குறைங்க என்றது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. அந்த நேரம் பார்த்துப் பொள்ளாச்சியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து நின்றார்கள். ஜெபராஜ் மிஷினை நிறுத்தியிருக்கலாம். நாலு பேர் பார்க்கட்டுமே என்ற பெருமை விடவில்லை.

மகன், மருமகள், சம்பந்திகள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நாச்சிமுத்து ஃப்ளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. திடீரென்று ஸ்பீக்கர் பேசியது.

"நாச்சிமுத்து சாப்புட்டானா?"

முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். 'ஏனுங்க' என்பதைத் தவிர அந்த வாயிலிருந்து வேறொரு சொல் அந்த மனுஷரை நோக்கி வந்ததில்லை. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்கிற ஆள். அவர் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை, 'சாப்புட்டானா' என்று வேறு கேட்டுவிட்டார்!

சம்பந்தியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். மகன், "மொதல்ல மிஷினை நிறுத்துங்க சார்" என்று கத்தினான். மயிலாத்தாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்புறம் அந்தக் கண் திறந்ததே எப்போதாவதுதான். கம்பியை மாட்டட்டுமா என்று யார் கேட்டாலும் கண் மூடிக்கொள்ளும். அவர் சம்மதம் இல்லாமல் மிஷினைத் தொடக்கூடாது என்பது விதி. இப்படியே போனால் மிஷின் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். மயிலாத்தாள் மறுபடியும் ஊமையாகவே அன்னூருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இதைத்தான் ஜெபராஜ் தாங்க முடியாமல் வந்து கேட்டார். என்ன தப்பு?

மணிமொழி படித்துக்கொண்டிருந்த ஃபைலை மூடிவைத்தார்.

"சார், இப்ப இந்த நிமிஷம் என்னைப் பத்தி உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

"நல்ல விதமாத்தான் மேடம்."

"விதம் வேண்டாம். வார்த்தை என்ன? அப்படியே சொல்லுங்க."

ஜெபராஜின் காது சூடாகிவிட்டது. அந்த நிமிஷம் அவர் மனதில் ஓடியது இது: 'இந்தப் பொண்ணு என்னைக்காவது கேட்ட கேள்விக்கு நேரா ஒரு பதில் சொல்லியிருக்காளா?'

"சொல்லுங்க சார்."

"வேண்டாம் மேடம்."

"தப்பா ஏதாவது நினைச்சீங்களா?"

"சேச்சே, தப்பு ஒண்ணுமில்லை. ஆனா உங்ககிட்டச் சொல்ற மாதிரி இல்லை."

மணிமொழி வாய்விட்டுச் சிரித்தார். "சரி, வாங்க. டீ சாப்பிடலாம்."

டீயைக் குடித்து முடித்ததும் ஜெபராஜ் நேராகத் தன் மேஜைக்குப் போனார்.

மிஷினை மறுபடியும் மாற்றினார். இந்தத் தடவை மயிலாத்தாளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் திரை. மனதுக்குள் சொல்வது முதலில் அதில் எழுத்தாக வரும். வேறு யாருக்கும் தெரியாது, ஜெபராஜுக்கும் தெரியாது. திரையின் மூலையிலிருக்கும் பச்சைக் கட்டத்தைப் பார்த்தால்தான் ஸ்பீக்கர் பேசும். சிவப்புக் கட்டத்தைப் பார்த்தால் எழுதியது அழிந்துவிடும்.

மயிலாத்தாளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். "மன்னிச்சுக்கங்கம்மா, மொதல்லயே இதைச் செஞ்சிருக்கணும்" என்றார்.

"ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாமாம்மா?"

கண் மூடிக்கொண்டது.

ஜெபராஜ் வார்டிலிருந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் நாச்சிமுத்து காத்திருந்தார். நல்ல ஆகிருதியான மனிதர், இப்போது சட்டை தொளதொளவென்று இருந்தது.

"சார், ஒண்ணு கேக்கோணுங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கய்யா."

"அன்னைக்கு அது பேசுச்சுங்களே, அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு வெச்சிருப்பீங்கன்னு பையன் சொன்னான். நெசமுங்களா?"

"இருக்கு."

நாச்சிமுத்து துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டார். "இன்னொருக்கா கேக்கலாமுங்களா? யாருக்கும் தெரியாம, என்ற போன்ல போட்டுக் குடுத்தீங்கன்னாலும் சரிங்க. என்ற பேரு அந்த வாயில எப்புடி வருமுன்னு ஒருக்காக்கூட நான் கேட்டதில்லைங்க சார். மத்தவங்களுக்குச் சிரிப்பா இருக்குது. எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்குது."

ஜெபராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கொடுத்தால் என்ன? பாவம், புருஷன்தானே கேட்கிறார். ஆனாலும் ஒரு தடவை சூடு கண்டவர் இல்லையா, அவரைக் குருவின் அறைக்கு அழைத்துப் போனார்.

"மேடம், ஐயா அந்தப் பதிவைக் கேக்குறார். கொடுத்துரட்டுமா?"

மணிமொழி ஜெபராஜுக்குப் பதில் சொல்லவில்லை. நாச்சிமுத்துவை உட்காரச் சொன்னார். அவர் பதிவுக்காகக் கையோடு கொண்டுவந்த போனை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, அன்னைக்கு அம்மா என்ன கேட்டாங்க?"

நாச்சிமுத்து வெட்கப்பட்டார். "என்ற பேரைச் சொல்லிப்போட்டாளுங்க டாக்டரம்மா."

"பேரு சொன்னாங்க, சரி. கேட்டது என்ன?"

"சாப்புட்டானான்னு கேட்டாளுங்க."

"யாராவது பதில் சொன்னீங்களா?"

நாச்சிமுத்து ஜெபராஜைப் பார்த்தார். ஜெபராஜ் தரையைப் பார்த்தார். சிரித்தவர்கள் இருந்தார்கள், கத்தியவர்கள் இருந்தார்கள், மிஷினை நிறுத்த ஓடியவர்களும் இருந்தார்கள். பதில்?

"இல்லீங்களே" என்றார் நாச்சிமுத்து. "நானுஞ் சொல்லலீங்களே."

போனையும் மேஜை மேலேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். குருவும் சீடரும் பின்னாலேயே போனார்கள்.

நாச்சிமுத்து கட்டில் ஓரத்தில் நின்றார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மயிலு. நீ கேட்டயல்ல, அன்னைக்கு? நான் சாப்புடலை."

கண்கள் மூடியே இருந்தன.

"அன்னைக்குன்னு இல்லை. நீ படுத்ததுல இருந்தே நேரத்துக்குச் சாப்புடறதில்லை. கேன்டீன்ல பன்னும் டீயும்தான். மருமக சோறு கட்டிக் குடுத்துத்தான் உடுறா, எறங்க மாட்டீங்குது. உன்றகிட்டச் சொன்னா வருத்தப்படுவேன்னு கம்முனு இருந்துட்டேன். இன்னைக்கும் ஒண்ணும் திங்கலை."

மயிலாத்தாளின் கண்கள் திறந்தன. புருஷனின் முகத்தைப் பார்த்தன, தொளதொளத்த சட்டையைப் பார்த்தன. கோபம்தான் அது. பார்க்கிற யாருக்கும் தெரியும்.

மணிமொழி குனிந்து கேட்டார். "பேசறீங்களாம்மா?"

கண் சட்டென்று மேலே போனது.

ஜெபராஜ் கம்பியை மாட்டினார். சின்னத் திரையை மயிலாத்தாள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். திரையில் எழுத்துகள் வருகிற வெளிச்சம் அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. அவர் அதை வாசித்தார். கண்கள் சிவப்புக் கட்டத்துக்குப் போயின. எழுதியது அழிந்தது. மறுபடியும் எழுத்துகள் வந்தன. அவர் நிதானமாகப் படித்தார். நாச்சிமுத்து மூச்சுவிடாமல் நின்றார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று ஜெபராஜுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை சொல்லிவிடுங்கம்மா என்று அவரும் மனதுக்குள் கெஞ்சினார்.

கண்கள் பச்சைக் கட்டத்துக்கு வந்தன.

"ஏனுங்க, பன்னெல்லாம் ஒரு சாப்பாடுங்களா? மொதல்ல போய்ச் சோறு சாப்புட்டுட்டு வாங்க."

ஜெபராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நாச்சிமுத்துவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிவந்து நின்றார். "இந்தா, போறேன் புள்ள, இப்பவே போறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஜெபராஜ் வாசல்வரை ஓடி அவரைப் பிடித்தார்.

"ஐயா, அந்தப் பதிவு?"

"அதெதுக்குங்க சார் இனி? அழிச்சுப்போடுங்க."

சொல்லிவிட்டுக் கேன்டீனைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

ஜெபராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற குருவிடம் கேட்டார்.

"என்ன மேடம் இது? அத்தனை ஆசையா வந்து கேட்டவர் வேண்டாங்கறார். அந்தம்மா 'ஏனுங்க'ன்னுதானே சொன்னாங்க? பேரைச் சொல்லவே இல்லையே?"

"நம்ம காதுக்குத்தான் 'ஏனுங்க'ன்னு கேட்டுச்சு, சார்" என்றார் மணிமொழி.